பிரெஞ்சு வினைச்சொல்லை எங்கே வெட்டுவது? ஒரே சொல்லுக்கு இரண்டு விடை வருகிறது

கனகபுரத்திலிருந்து:

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். இவர் பாரிசுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறார், நானும் மகனும் போய்ச் சேருவதற்கான அலுவல் நடந்துகொண்டிருக்கிறது, அதுவரைக்கும் சும்மா இருக்காமல் மொழியைப் படிப்போம் என்று போனில் ஒரு பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. சொற்கள் நிறையப் பாடமாக்கிவிட்டேன், கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற அளவுக்குக் கதைக்கவும் வருகிறது. வினைச்சொல்லில்தான் முட்டுப்பட்டு நிற்கிறேன்.

போன கிழமை இரண்டு பயிற்சி தந்தார்கள். ஒன்றில் சொல்லை அசை அசையாகப் பிரிக்க வேண்டும், மற்றதில் அதே சொற்களை உறுப்பு உறுப்பாகப் பிரிக்க வேண்டும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது, அதனால் மேலே எழுதியதையே கொப்பியில் கீழேயும் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். முதலாவது முழுக்கச் சரி. இரண்டாவது முழுக்கச் சிவப்பு.

ஒரு சொல்லைப் போடுகிறேன். (போனில் பிரெஞ்சு எழுத்து அடிக்கச் சிரமம், தமிழிலேயே எழுதுகிறேன். மூக்கால் வருகிற ஒலிக்கு ன் போட்டிருக்கிறேன்.) 'பார்லே' என்றால் கதைத்தல். 'நூ பார்லோன்' என்றால் நாங்கள் கதைக்கிறோம். நான் பிரித்தது பார் | லோன். அசைக்கு அது சரியாம். உறுப்புக்கு பார்ல் + ஓன் என்று எழுதியிருக்க வேண்டுமாம். 'பார்ல்' என்று ஒரு துண்டில் எப்படி நிறுத்துவது, அந்த ல் அடுத்த துண்டோடுதானே வாயில் வருகிறது? கேட்டதற்கு "அது வேறு, இது வேறு" என்று ஒரு குரல் பதிவு வந்தது, அதோடு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

இன்னொன்று. 'இல் பார்ல்', அவர்கள் கதைக்கிறார்கள். எழுதும்போது ஏழு எழுத்து, கடைசியில் ஈ, என், ரி மூன்றும் நிற்கின்றன, வாயில் வருவது ஒரேயொரு அசை. ஆனால் பாடத்தாளில் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. ஒன்றா, இரண்டா?

தெரிந்தவர்கள் விளங்கப்படுத்துங்கள். விதியை மட்டும் சொல்லாமல் ஏன் என்றும் சொன்னால் நல்லது. ஏன் என்று தெரியாவிட்டால் எனக்கு மண்டையில் நிற்காது.


மாங்குளம் வாத்தியார்:

பிள்ளை, நான் முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்தவன். பிரெஞ்சு படிக்கத் தொடங்கியது ஓய்வு பெற்ற பிறகுதான், பேரப்பிள்ளைகள் லியோனில் பிறந்து அங்கேயே வளருகிறார்கள், அவர்கள் தங்களுக்குள் கதைக்கும்போது நான் பக்கத்தில் பேசாமல் இருக்க விரும்பவில்லை. உங்கள் கேள்விக்கு விடை நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பாடத்திலேயே இருக்கிறது. பகுபத உறுப்பிலக்கணம் ஞாபகம் இருக்கிறதா? பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம்.

'எழுதினான்' என்ற சொல்லை எடுங்கள். மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: எ | ழு | தி | னான். வாய் நாலு முறை திறக்கிறது. இனி உறுப்பாகப் பிரியுங்கள்: எழுது + இன் + ஆன். எழுது பகுதி, இன் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் விகுதி. இப்போது நடுவில் நிற்கும் 'தி' என்ற எழுத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள். அதில் இருக்கிற த் பகுதிக்குச் சொந்தம், இ இடைநிலைக்குச் சொந்தம். 'னா' என்பதும் அப்படித்தான், ன் இடைநிலையினுடையது, ஆ விகுதியினுடையது. வெட்டு ஒரு எழுத்துக்கு நடுவால் போகிறது. மெய்யின் மேல் உயிர் ஏறி இரண்டும் ஒரே எழுத்தாகிவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு பிள்ளை இதை எ + ழு + தி + னான் என்று எழுதித் தந்திருந்தால் நானும் சிவப்புப் பேனையால்தான் கோடு போட்டிருப்பேன்.

பார்லோன் அதே கதை. 'லோ' என்றால் ல் + ஓ. ல் பகுதிக்குச் சொந்தம், ஓன் 'நாங்கள்' என்று காட்டுகிற விகுதிக்குச் சொந்தம். வாய் அதைப் பார்க்காது. இரண்டு உயிருக்கு நடுவில் மெய் வந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போய் ஒட்டிக்கொள்ளும், இங்கே போல இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்கும் போகும். அதனால் பார் | லோன். 'பார்ல்' என்று வாய் நிற்காது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது நிற்கிறது, 'அவர்கள் கதைக்கிறார்கள்' என்பதற்கு 'இல் பார்ல்' என்று நீங்களே சொல்கிறீர்களே! அந்த இடத்தில் விகுதி ஒலிக்காததால் பகுதி மட்டும் தனியாகக் காதில் விழுகிறது.

எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பிரெஞ்சு வினையும் தமிழ் வினை போலவே அடுக்கப்பட்டது, பகுதி முன்னால், காலம் நடுவில், ஆள் கடைசியில். 'நூ பார்லியோன்', நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம். பார்ல் + இ + ஓன். நடுவில் நிற்கிற அந்த இ தான் இடைநிலை. படி + த் + த் + ஏன் என்று பிரித்துப் பழகிய பிள்ளைக்கு இது புதுச் சங்கதி இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம். இங்கே அசை என்று சொல்வது யாப்பில் படித்த நேரசை நிரையசை இல்லை. யாப்பில் எழுதினான் என்பது எழு | தினான் என்று இரண்டு நிரையசை. பிரெஞ்சுக் கணக்கில் உயிர் ஒலி எத்தனையோ அத்தனை அசை, நாலு உயிர் என்றால் நாலு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.


புதுக்குடியிருப்பு அக்கா:

தங்கச்சி, நான் புதுக்குடியிருப்பு, இப்போது பாரிசுக்கு வெளியே இருக்கிறேன், வந்து பத்தொன்பது வருடம். வாத்தியார் ஐயா வடிவாகச் சொல்லிவிட்டார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

ஒன்றா இரண்டா என்றால், இரண்டு விடையும் சரி. காதுக்கு ஒன்று. எழுத்துக்கு இரண்டு. இங்கே பள்ளிக்கூடத்தில் இரண்டையும் தனித்தனியாகப் படிப்பிப்பார்கள். என் மகள் முதலாம் வகுப்பில், சே பே என்பார்கள், படிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பென்சிலால் சின்னச் சின்னக் கிண்ணம் மாதிரி வளைவு போடுவாள், ஒரு அசைக்கு ஒரு வளைவு. அவளுடைய வாசிப்புப் புத்தகத்தில் ஒலிக்காத எழுத்தெல்லாம் சாம்பல் நிறத்தில் அச்சடித்திருக்கும். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து அந்தச் சாம்பல் எழுத்துகளைப் பார்த்துத்தான் பிரெஞ்சு வாசிக்கப் பழகினேன், வகுப்பில் யாரும் எனக்கு அப்படிக் காட்டித் தரவில்லை. நீங்களும் கொப்பியில் சொல்லை எழுதிவிட்டு ஒலிக்காத எழுத்தை எல்லாம் பென்சிலால் மெல்லிசாக எழுதிப் பாருங்கள். 'பார்ல்' என்பதற்கு நாலு எழுத்து பேனையால், ஈ என் ரி மூன்றும் பென்சிலால். எழுத்து அசை கேட்டால் பென்சில் எழுத்தையும் சேர்த்து எண்ணுங்கள், இரண்டு. வாய் அசை கேட்டால் பேனை எழுத்தை மட்டும் எண்ணுங்கள், ஒன்று. கேள்வியில் எதைக் கேட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கவிதையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவர்களுடைய பழைய பாட்டு பலதில் அடிக்குப் பன்னிரண்டு அசை, அதில் இந்த ஊமை ஈ, பின்னால் மெய் வந்தால் ஒரு அசையாக எண்ணப்படும், உயிர் வந்தால் கரைந்துவிடும், அடியின் கடைசியில் நின்றால் கணக்கில் இல்லை.

ஈ என் ரி பற்றி ஒன்று. அது வினையின் கடைசியில் 'அவர்கள்' என்று காட்ட வந்தால்தான் ஊமை. பெயர்ச்சொல்லின் கடைசியில் வந்தால் ஒலிக்கும். இங்கே பிள்ளைகளுக்கு ஒரு வசனம் சொல்லிக் கொடுப்பார்கள்: 'லே பூல் து கூவான் கூவ்'. கொன்வென்ற் கோழிகள் அடைகிடக்கின்றன. கடைசி இரண்டு சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. முதலாவது கூவான், கொன்வென்ற், இரண்டு அசை. மற்றது கூவ், அடைகிடக்கின்றன, ஒரு அசை. கண்ணால் பார்த்து இதைப் பிரிக்கவே முடியாது, இது வினையா பெயரா, இந்த ஈ என் ரி தனி உறுப்பா அல்லது சொல்லின் உடம்பா என்று தெரிந்தால்தான் வாய் சரியாகத் திறக்கும். உறுப்புப் பிரிக்கப் படிப்பிப்பது வீண் வேலை என்று நினைக்காதீர்கள்.

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேணும். அடுக்கு ஒன்றுதான், ஆனால் தமிழில் விகுதி காதில் விழுகிறது, பிரெஞ்சில் பாதிக்கு மேல் விழாது. பார்லே என்ற வினையின் நிகழ்காலத்தில் ஆறு வடிவம், நான், நீ, அவன், அவர்கள் நாலுக்கும் வாயில் 'பார்ல்' ஒன்றுதான். அதனால்தான் நாங்கள் "கதைக்கிறேன்" என்று 'நான்' இல்லாமல் சொல்வது போல அவர்களால் சொல்ல முடியாது. ஜ, து, இல் என்று முன்னால் போட்டே ஆக வேண்டும். எங்கள் ஆட்கள் வந்த புதிதில் அதை விட்டுவிட்டுக் கதைப்பார்கள், கேட்கிறவனுக்கு யார் கதைக்கிறது என்றே விளங்காது. நானும் வந்த முதல் வருடம் அப்படித்தான் கதைத்தேன்.


கனகபுரத்திலிருந்து:

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. 'தி' என்ற எழுத்துக்குள் வெட்டு போகிறது என்றது மனதில் அப்படியே பதிந்துவிட்டது, இரவு மகனுக்கும் சொல்லிக் காட்டினேன்.

இன்னொன்று கேட்கலாமா? 'ஜ மாபெல்', என் பெயர் இன்னது. முதல் நாளே படித்த வசனம். அதில் எல் இரண்டு. 'நூ நூ ஸாப்லோன்' என்று நாங்கள் ஆகும்போது எல் ஒன்று. ஒரே வினை, ஒரே பகுதி, ஏன் ஒரு இடத்தில் இரண்டு எழுத்து, மற்ற இடத்தில் ஒன்று? பகுதியே மாறுகிறது என்றால் எதை வைத்து வெட்டுவது?


வவுனிக்குளம் தம்பி:

அக்கா, வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தேன், பிரெஞ்சும் ஒரு பாடம். இதை எங்கள் வயலை வைத்துச் சொல்கிறேன், எனக்கே அப்படித்தான் விளங்கியது.

எங்கள் காணி வவுனிக்குளத்துத் தண்ணீரில் விதைக்கிற காணி. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பெர்மிற் வேறு வேறு, நடுவில் எல்லைக் கல் நிற்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் விதைக்கிறார்கள், அதனால் எல்லையில் வரம்பு இல்லை. வரம்பு கட்டுவது தண்ணீர் மட்டமாக நிற்கிற இடம் பார்த்து. அப்படிக் கட்டியதில் அப்பாவின் காணியில் ஒரு கீலம் சித்தப்பாவின் துண்டோடு சேர்ந்துவிட்டது. தண்ணீர் பாயும்போது அந்தக் கீலம் சித்தப்பாவின் பக்கம். காணிக் கந்தோரில் போய்க் கேட்டால் அப்பாவின் பக்கம். இரண்டும் உண்மை. பார்லோனில் அந்த ல் தான் அந்தக் கீலம். பெர்மிற்றில் பகுதியினுடையது, தண்ணீருக்கு விகுதியோடு.

உங்கள் வகுப்பில் இரண்டு பயிற்சியும் ஏன் தருகிறார்கள் என்றால் இரண்டு வெட்டுக்கும் வேறு வேறு வேலை இருக்கிறது. ஐயா சொன்ன அந்த 'கதைத்துக்கொண்டிருந்தோம்' என்ற இறந்தகாலத்தை எப்படிச் செய்வது? நிகழ்காலத்தில் 'நாங்கள்' வடிவத்தை எடுத்து, ஓன் என்ற விகுதியைக் கழற்றிவிட்டு, மிச்சத்தில் புது விகுதியைப் பூட்ட வேண்டும். பார்லோன், ஓனைக் கழற்றினால் பார்ல், அதிலிருந்து 'ஜ பார்லெ', நான் கதைத்துக்கொண்டிருந்தேன். குடிக்கிறது என்பதற்கு 'நூ பூவோன்', கழற்றினால் பூவ், 'ஜ பூவெ'. 'இருத்தல்' என்கிற எத்ர் ஒன்றைத் தவிர எல்லா வினைக்கும் இந்த வழி சரிவரும். உறுப்பு வெட்டு தெரியாமல் லோன் முழுவதையும் கழற்றினால் 'பார்' தான் மிஞ்சும், அதில் எதைப் பூட்டினாலும் சொல் வராது.

இனி எல் ஒன்றா இரண்டா என்பது. இதற்கு அசை வெட்டு வேண்டும். 'ஆப்லே', கூப்பிடுதல், என்ற வினையின் பகுதியில் நடுவில் ஒரு ஈ இருக்கிறது, தலையில் கோடு ஒன்றும் இல்லாத ஈ. அது திறந்த அசையில் நின்றால், அதாவது அதற்குப் பின்னால் அந்த அசையை மூட ஒரு மெய் இல்லையென்றால், ஒலி மங்கிவிடும், வேகமாகக் கதைக்கும்போது காணாமலே போய்விடும். எழுத்து அசைப்படி 'நாங்கள்' வடிவம் ஆப் | ப | லோன். நடு அசை திறந்திருக்கிறது, எல் கடைசி அசையோடு போய்விட்டது, அதனால் ஈ மங்குகிறது, நீங்கள் ஆப்லோன் என்று கேட்கிறீர்கள். 'நான்' வடிவத்தில் விகுதி ஊமை ஈ, அதற்கு அசை கட்டுகிற பலம் இல்லை. அப்ப அந்த எல் எங்கே போகும்? திரும்பி வந்து முன் அசையை மூடுகிறது: ஆ | பெல். மூடிய அசையில் அந்த ஈ 'எ' என்று தெளிவாக ஒலிக்க வேண்டும். அந்தத் தெளிவைக் காட்டத்தான் எல் இரண்டு போடுகிறார்கள். பகுதி மாறவில்லை, அசை மாறியது, எழுத்து அந்த மாற்றத்தைக் காட்டுகிறது.

சில வினையில் இதே வேலைக்கு மெய்யை இரட்டிக்காமல் ஈயின் தலையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு போடுவார்கள். 'அஷ்தே', வாங்குதல்: 'நூ ஸஷ்தோன்' என்றால் கோடு இல்லை, 'ஜஷெத்' என்றால் கோடு உண்டு. எந்த வினைக்கு இரட்டிப்பு, எந்த வினைக்குக் கோடு என்று பிரெஞ்சுப் பிள்ளைகளே குழம்புவதால் 1990 டிசம்பரில் அரச வர்த்தமானியில் வந்த எழுத்துத் திருத்தப் பரிந்துரையில், இந்த வகை வினைகளில் ஆப்லே, ஜெத்தே (எறிதல்) இரண்டையும் அவற்றின் குடும்பத்தையும் தவிர மற்றதற்கெல்லாம் கோடு போடலாம் என்று இலேசாக்கினார்கள். பழைய எழுத்தும் பிழை இல்லை. அதனால் இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாகக் கண்டால் பயப்பட வேண்டாம்.

'ஜ மாபெல்' என்பதையே ஒருமுறை வெட்டிப் பாருங்கள். அதில் ம் என்றால் 'என்னை'. தனிச் சொல். ஆனால் அதன் உயிர் கரைந்து, ம் அடுத்த சொல்லின் ஆ மேல் ஏறிவிட்டது: ஜ | மா | பெல். உறுப்பாக ஜ + ம் + ஆபெல். இந்த முறை வெட்டு இரண்டு சொல்லுக்கு நடுவில், அதுவும் ஒரே எழுத்துக்குள் வருகிறது.


மாங்குளம் வாத்தியார்:

தம்பி சொன்ன வரம்புக் கதையை நான் இனி படிப்பிக்க வருகிற பிள்ளைகளுக்கும் சொல்வேன், அனுமதி தாருங்கள்.

உயிர் கரைவது பற்றி. 'ஜ' என்பதன் ஈ, பின்னால் உயிர் வந்தால் போய்விடும், 'ஜ எம்' என்று சொல்வதில்லை, 'ஜெம்' தான், நான் விரும்புகிறேன். காடு + அழகு காடழகு ஆவது மாதிரி. எங்கள் குற்றியலுகரம் அவர்களுடைய ஊமை ஈக்கு நெருங்கிய சொந்தம் என்றே நான் நினைக்கிறேன், இரண்டும் சொல்லின் கடைசியில் நின்று குறுகுகின்றன, இரண்டும் உயிரைக் கண்டால் இடம் விடுகின்றன.

எதிர்மாறாக, இரண்டு உயிர் முட்டும்போது நடுவில் ஒரு மெய்யைக் கொண்டுவந்து வைப்பதும் அவர்களிடம் இருக்கிறது. 'வா தில்?', அவன் போகிறானா? வா என்றால் போகிறான், இல் என்றால் அவன், நடுவில் ஒரு த். எழுதும்போது இரண்டு பக்கமும் சிறு கோடு போட்டு அந்த த் ஐத் தனியாக நிறுத்துவார்கள். அதற்குப் பொருள் ஒன்றும் இல்லை, மணி + அடித்தது என்பதில் நாங்கள் ய் வைப்பது போலத்தான். பிள்ளை, உறுப்புப் பிரிக்கும் பயிற்சியில் இது வந்தால் பகுதியோடும் சேர்க்காதீர்கள், விகுதியோடும் சேர்க்காதீர்கள், தனியே எழுதுங்கள். வாயில் அது வா | தில்.

இன்னொரு வினையையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த பயிற்சியில் கட்டாயம் வரும். 'ஃபினீர்', முடித்தல். 'நூ ஃபினிஸோன்'. எழுத்து அசை ஃபி | னிஸ் | ஸோன், வாய் அசை ஃபி | னி | ஸோன், காரணம் எஸ் இரண்டு எழுதினாலும் ஒலிப்பது ஒன்று. உறுப்பாக நான் ஃபினி + ஸ் + ஓன் என்று பிரிப்பேன், நடுவில் நிற்கும் ஸ் ஐச் சாரியை போல வைத்து.


வவுனிக்குளம் தம்பி:

ஐயா, அதில் மட்டும் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நிறையப் புத்தகங்களில் இந்த வினைக்கு இரண்டு பகுதி என்றுதான் சொல்வார்கள், ஒருமைக்கு ஃபினி, பன்மைக்கு ஃபினிஸ். அப்ப ஃபினிஸ் + ஓன். 'ஃபினிஸெ', 'ஃபினிஸியோன்' என்று இறந்தகாலத்திலும் அந்த ஸ் கூடவே வருவதால் அதைப் பகுதியோடு வைத்திருப்பது படிக்கிறவர்களுக்கு இலகு. ஸ் வந்தது லத்தீனில் 'தொடங்குதல்' என்ற பொருளில் இருந்த ஓர் ஒட்டிலிருந்து, இன்று அந்தப் பொருள் அதில் இல்லை.


மாங்குளம் வாத்தியார்:

வந்த வழி லத்தீன் ஒட்டு என்றால் அது தனி உறுப்பு என்று நான் சொன்னதற்கும் ஆதாரம் ஆகிறதே தம்பி. ஆனால் படிக்கிற பிள்ளைக்கு உங்கள் வழி சுகம், ஏற்றுக்கொள்கிறேன். பிள்ளை, உங்கள் வகுப்பில் எப்படிப் பிரிக்கிறார்களோ அப்படியே எழுதுங்கள், சோதனைக்கு முதல் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த வழி என்றதும் எதிர்காலம் ஞாபகம் வருகிறது. 'ஜ பார்லரே', நான் கதைப்பேன். லத்தீனில் இருந்து வந்தபோது இது இரண்டு சொல், 'கதைக்க' என்ற வினையோடு 'உடையேன்' என்ற வினை. அதனால்தான் எதிர்கால விகுதிகள் 'உடைமை' வினையின் நிகழ்கால வடிவங்களோடு ஒத்துப்போகின்றன, ஏ, ஆ, ஆ, ஓன், ஏ, ஓன். ஒட்டி ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது. பேரன் ஒருநாள் போனில் 'நான் நாளைக்குக் கதைப்பேன் தாத்தா' என்று பிரெஞ்சில் சொன்னபோது அந்தச் சொல்லுக்குள் ஒட்டிய இடம் எனக்குக் காதில் கேட்டது.

'போதல்' என்ற அலே மாதிரி வினைகளில் மட்டும் கத்தியை வைக்க வேண்டாம். வே, வா, வா, அலோன், அலே, வோன், எதிர்காலத்துக்கு இரே. இவை வேறு வேறு வேரில் இருந்து வந்து ஒரே வினையாகச் சேர்ந்தவை. வா என்பது வந்தான் என்று குறுகுவதை விகாரம் என்று நாங்கள் விளக்கலாம், இதை அப்படியும் விளக்க முடியாது. பாடமாக்கத்தான் வேண்டும்.


கனகபுரத்திலிருந்து:

இன்றைக்கு மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து இரண்டு சொல்லை நானே எடுத்து வெட்டிப் பார்த்தேன். சரியா என்று பாருங்கள்.

'நூ ஸெஸ்பேரியோன்', நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். எஸ் | பே | ரியோன், மூன்று அசை, 'நூ' சொல்லும்போது வருகிற ஸ் ஐ விட்டுவிட்டேன். உறுப்பு: எஸ்பேர் + இ + ஓன்.

'நூ வூத்ரியோன்', எங்களுக்கு வேணும் என்று பணிவாகக் கேட்பது. வூ | த்ரியோன், இரண்டு அசை. உறுப்பு: வூத் + ர் + இ + ஓன். இதில் ர் எதிர்காலத்துக்கு, இ இறந்தகாலத்துக்கு என்று இரண்டு இடைநிலை ஒன்றாக வருகிறதே, அது சரியா?


வவுனிக்குளம் தம்பி:

உறுப்பு இரண்டும் சரி அக்கா. இரண்டு இடைநிலையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். எதிர்காலத்தின் ர், இறந்தகாலத்தின் இ, இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பணிவான 'வேணும்' வரும்.


புதுக்குடியிருப்பு அக்கா:

முதலாவது முழுக்கச் சரி தங்கச்சி. இரண்டாவதில் அசை ஒன்று கூட வேணும். வூ | த்ரி | யோன், மூன்று. பார்லியோனில் 'லியோன்' ஒரே மூச்சில் வரும், ஆனால் முன்னால் த்ர், ப்ல் மாதிரி இரண்டு மெய் நெருக்கி நின்றால் அந்த இ தனி அசையாகப் பிரிந்துவிடும், அல்லாவிட்டால் வாய்க்குச் சொல்ல ஏலாது. சொல்லிப் பாருங்கள், தெரியும்.

'நான்' என்று வரும்போது 'ஜ வூத்ரே', வூ | த்ரே, இரண்டு அசைதான். அதைத்தான் ஒவ்வொரு நாளும் பாண் கடையில் சொல்வீர்கள். குரல் பதிவு ஒன்று அனுப்புங்கள், நான் கேட்டுச் சொல்கிறேன், இங்கே நேரம் இரவு எட்டு மணிக்குப் பிறகு வேலை முடிந்து வீட்டில் இருப்பேன்.